வெறுங்கால்

“பிள்ளைய நல்லாக் கழுவி வைக்க மாட்டியா, மாடத்தி?” என்றாள் பிரபாவதி.

அடுக்களை வாசலில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பறண்டிக்கொண்டிருந்தாள் முத்துமாரி. பறண்டிய இடத்தில் ரத்தம் கசிந்தது.

“கொசு கடிச்சிருக்கும்க்கா.” மாடத்தி தேய்த்துக்கொண்டிருந்த குக்கரைக் கீழே வைக்கவில்லை.

“கொசு கடிச்சா இப்படிக் கோடு கோடாவா இருக்கும்? வயித்து வலின்னு வேற சொல்லுதா. உங்க மான்குர்த்துல சாக்கடையும் குடிதண்ணியும் ஒண்ணாத்தான ஓடுது. போதாததுக்குக் கண்ட கடையில வடாபாவ வாங்கிக் குடுத்துருப்ப.”

மாடத்தி குக்கரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். வடாபாவ் வாங்கிக் கொடுத்தது உண்மைதான்.

“சரியாகுத வரைக்கும் ஜெய் பக்கத்துல அவள உக்கார வைக்காத. அவனுக்கு ஒட்டிக்கிட்டா யாரு பாக்க?”

“சரிக்கா. நாளைக்கு லீவு குடுங்க. தவாகானாவுல டாக்டர்ட்ட காட்டிட்டு வாரேன்.”

“மொதல்ல அதச் செய்யி. பெத்தவதான் பாக்கணும்.”

செம்பூரில் தரைத்தள வீடு அது. பிரபாவதியின் கணவருக்குக் காட்கோபரில் பாத்திரக்கடை. ஒரே பையன் ஜெயகணேஷ். மாடத்தி வேலைக்குச் சேர்ந்தபோது அவன் கைக்குழந்தை. காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூங்கவைத்தது அவள்தான். இப்போது ஸ்கூலுக்குப் போகிறான். அவன் அடம்பிடித்து வாங்கிய நாய் கோகோ.

முத்துமாரிக்குக் காலையில்தான் பள்ளிக்கூடம். மதியம் வீட்டில் ஆள் கிடையாது என்பதால் அம்மாவோடு வந்துவிடுவாள். சும்மா இருப்பானேன் என்று பிரபாவதி அவளுக்கும் ஒரு வேலை வைத்திருந்தாள். கோகோ பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்ததும், அது இருந்து வைத்ததைப் பேப்பரால் அள்ளிப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வேலைக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஹாலைக் கடந்துதான் தோட்டம். ஆகவே ஈர மண்ணில் வெறுங்காலோடுதான் நிற்பாள். கோகோ ஓடிவந்து அவள்மேல் தாவும். அதற்காகவே அவளுக்கு அந்த வேலை பிடிக்கும்.

தவாகானாவில் டாக்டரம்மா முத்துமாரியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு பாதத்தைத் திருப்பினார். தோலுக்கு அடியில் யாரோ சிவப்பு நூலை வளைத்து வளைத்து வைத்ததுபோல் இருந்தது.

“வீட்ல நாய் வளக்கிறீங்களா?” இந்தியில் கேட்டார்.

“இல்ல டாக்டர். நாங்களே நாலு பேரு ஒரே ரூம்ல கிடக்கோம்.”

“நாய் போற மண்ணுல செருப்பில்லாம நடக்கிறாளா?”

மாடத்தி மகளைப் பார்த்தாள். முத்துமாரி மெதுவாகத் தலையாட்டினாள்.

“நாய் வயித்துல இருக்கிற கொக்கிப்புழும்மா இது. மலத்தோட மண்ணுக்கு வந்து, கால் வழியா ஏறிடும். இந்தக் கோடு அது ஊர்ந்த தடம். வயித்துக்குள்ளயும் புழு இருக்கு. ரத்தத்த உறிஞ்சித்தான் பிள்ளை இப்படி வெளுத்துப் போயிருக்கா. வலிக்குதுன்னு சொன்னப்பவே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?”

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மாத்திரை தர்றேன், சரியாயிடும். அந்த நாய்க்கும் மருந்து குடுக்கணும். அங்க விளையாடுற மத்த பிள்ளைங்களையும் உடனே காட்டச் சொல்லுங்க.”

மத்த பிள்ளைங்க என்றதும் மாடத்திக்கு ஜெய்யின் முகம்தான் கண்ணில் நின்றது. போன வாரம்கூட அவன் சாப்பாடு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டான். வயிறு வலித்திருக்குமோ?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முத்துமாரி கேட்டாள்.

“எம்மா, கோகோவ விரட்டிருவாங்களா?”

“தெரியலட்டி.”

“அப்ப சொல்லாண்டாம்மா.”

“சொல்லாம இருந்து அந்தப் பயலுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? வாய மூடிட்டு வா.”

அதட்டினாளே தவிர, அவளுக்கும் பயம்தான். கோகோவை நாய் என்று சொன்னாலே பிரபாவதிக்கு முகம் சுருங்கும். அதன் வயிற்றில் புழு என்று எப்படிச் சொல்வது? எங்க வீட்டையா குறை சொல்லுத என்று கேட்டுவிட்டால், வேறு வீடு தேட வேண்டியதுதான்.

மறுநாள் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, துணியும் காயப்போட்டாகிவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. கிளம்புகிற நேரத்தில்தான் ஹாலுக்கு வந்து நின்றாள். பிரபாவதி சோபாவில் உட்கார்ந்து கோகோவுக்கு முடி சீவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது.”

“என்ன, இன்னும் லீவு வேணுமா?”

“அதில்லக்கா. முத்துமாரிக்கு வந்தது கோகோ வயித்துல இருக்கப் புழுவாம். தோட்டத்து மண்ணுலருந்து கால் வழியா ஏறிருக்காம். டாக்டரம்மா சொன்னாங்க.” புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே வேகமாகச் சொல்லி முடித்தாள். “எம்பிள்ளைக்கு மாத்திரை குடுத்துட்டாங்க. அது கிடக்கட்டும். தம்பிய இன்னைக்கே கூட்டிட்டுப் போயிக் காட்டுங்கக்கா. நேத்துலருந்து எனக்குச் சோறு இறங்கல.”

பிரபாவதி கோபப்படவில்லை. சீப்பில் சிக்கியிருந்த முடியை நிதானமாக எடுத்தாள்.

“இதுக்கா இப்படி நடுங்குத? கோகோவோட டாக்டர் போன மாசமே சொல்லிட்டாரு, மாடத்தி. அன்னையிலருந்து ஜெய்ய நான் தோட்டத்துப் பக்கமே விடுததில்ல. வீட்ல எல்லாருக்கும் அப்பவே மருந்தும் குடுத்தாச்சு.”