கட்டிலோடு கட்டியது

விண்வெளி வீரர்கள் மிதந்துபோய் இடித்துக்கொள்ளாமலிருக்க, தூங்கும் பையைச் சுவரோடு கட்டிக்கொள்வார்கள் என்று அடி அண்ணாமலைப் பள்ளியில் பெற்றோரிடம் சொன்னாள் ஆசிரியை கீதாஞ்சலி. தூக்கத்தில் அவர்கள் கைகள் தாமாக முன்னால் எழும்பி நிற்குமாம்.

"எங்க வீட்டுக்காரரயும் கட்டித்தான் படுக்க வைக்கிறேன் டீச்சர்" என்றாள் உண்ணாமலை. எல்லோரும் சிரித்தார்கள். கீதாஞ்சலியும் சிரித்துவிட்டாள்.

மனசு கேட்காமல், மறுநாள் மதியம் மன்னிப்புக் கேட்க உண்ணாமலையின் வீட்டுக்குப் போனாள். கணவன் சகாதேவன் தூங்கிக்கொண்டிருந்தான். பழைய புடவை ஒன்றால் அவன் இடுப்பைக் கட்டிலோடு கட்டியிருந்தது. கைகள் இரண்டும் முன்னால் எழும்பி நின்றன.

உண்ணாமலை கூனிக்குறுகி நின்றாள். "வெளிய சொல்லிடாதீங்க டீச்சர். அவுத்துட்டா காலு மலயப் பாத்துத் திரும்பிடுது. மலதான சாமி, குத்தமாயிடுங்களே."

அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, கீதாஞ்சலி தலைகுனிந்தாள். சகாதேவனின் முதுகுக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.