காலி ஷெட்டில் எண்ணெய்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்ஜினடியில் எண்ணெய் சொட்டத்தான் செய்யும். இரண்டு வருடம் மாரடித்து அந்தச் சிவப்பு வண்டியைச் சீராக்கிய மெக்கானிக், வாங்க வந்தவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார்: "சொட்டினா பயப்படாதீங்க. நின்னாத்தான் பயப்படணும். உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்."

வண்டி போன மறுநாளிலிருந்து, ஷெட்டில் அது நின்ற இடத்தில் கிடந்த தகரத் தட்டு தினமும் நிறைந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எண்ணெய் சொட்டியது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவர் வாயைத் திறக்காமல் தட்டைக் காலி செய்துவந்தார்.

ஐந்தாம் நாள் வாங்கியவரே போன் செய்தார். "சும்மா பயமுறுத்திட்டீங்களே. ஒரு சொட்டுகூட விழல. உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

"வண்டி எங்க?"

"பொண்ணு மலைப்பக்கம் எடுத்துட்டுப் போயிருக்கா."

"நிறுத்தச் சொல்லுங்க. உங்க கால்ல வேணா விழறேன், இப்பவே சொல்லுங்க."

"ஓட்டும்போது அவ போனே எடுக்க மாட்டாளே."

சொட்டு வேகம் பிடித்தது. பிறகு நூலாக ஒழுகியது. மெக்கானிக் மண்டியிட்டு இரண்டு கைகளையும் ஏந்தினார். எண்ணெய் கொதித்தது. கையை எடுக்கவில்லை.

பிறகு அது நின்றது.