மேகத்துக்கு அடியில் கொள்ளிடம்

காந்தா காப்பியடித்திருக்கிறாள் என்பது மேகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எங்கள் ஆபீஸில் வேலை இதுதான். செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திரையில் போட்டு, அதில் தெரியும் ஆற்றின் மேல் மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடிழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை வரையக் கூடாது. வேறு கம்பெனி மேப்பைப் பார்த்து வரைந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

அவளுக்குக் கொடுத்தது கொள்ளிடம். முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிந்து, அதற்கு வடக்காகவே ஓடி வங்காள விரிகுடாவில் சேருகிற ஆறு.

படத்தில் பாதி ஆற்றை மேகம் மூடியிருந்தது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். அவளோ மேகத்துக்கு அடியிலும் வரைந்து வைத்திருந்தாள். படித்துறை, மணல்திட்டு, நாணல் புதர், கரை இடிந்த மடு, ஒன்று பாக்கியில்லை.

அதுவும் வடகரையில் மட்டும். தென்கரை மொட்டையாகக் கிடந்தது. யாரோ பாதி செய்து வைத்த மேப்பைச் சுட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

போதாததற்கு, கோடு கடலுக்குப் போகவே இல்லை. அணைக்கரை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே மேகமே கிடையாது, ஆறு பளிச்சென்று தெரிகிறது. திருடின மேப் அதோடு முடிந்திருக்கும்.

இந்த மாதிரி ஆட்களை மோப்பம் பிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஹெச்.ஆருக்கு மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அம்மாவும் அவளும் மட்டும்தான், அவள் வேலையில்தான் வீடு ஓடுகிறது என்று தெரியும். அதற்காக விட்டுவிட முடியுமா?

மேகத்துக்கு அடியில் இருப்பதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நடந்தோம் டேரில் சார். நானும் அம்மாவும், வடகரையிலயே. ரெண்டு வருஷம் முன்னாடி, ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆரம்பிச்சு ஆறு நாள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதாவது வேண்டுதலா என்று கேட்டேன்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தபடி, கோடு நின்ற இடத்தில் விரலை வைத்தேன். அவ்வளவு தூரம் நடந்தவர்கள் கடல் வரைக்கும் போயிருக்கலாமே, இங்கே ஏன் நின்றீர்கள் என்று மடக்கினேன்.

அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கதான் சார் தம்பி கரை ஒதுங்கினான்."

விரலை எடுத்துவிட்டேன்.

அவளை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். மெயிலை அழித்தேன். அங்கிருந்து கடல் வரை இருந்த மிச்ச ஆற்றை நானே வரைந்தேன்.