பூட்டிய பார்ட்டிஷன்

"உங்கட பாஸ்வேர்டைத் தாங்கோ."

புருசனிடம் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லித்தான் தர்மினியை வெள்ளவத்தைக்கு அனுப்பியிருந்தாள். கஜரூபன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிரவில்லை.

"எந்தப் பாஸ்வேர்ட்?"

"லேப்டொப் டிஸ்கில பாதியைத் தனிப் பார்ட்டிஷனாப் பிரிச்சுப் பூட்டி வச்சிருக்கிறியள். கறுப்பு ஸ்கிரீனில ஒரு கொமாண்ட் அடிச்சன், காட்டிட்டுது."

"கம்பஸில கொம்பியூட்டர் படிச்சவளைக் கட்டாதை எண்டு அப்பவே சொன்னவை. அது ஒஃபிஸ் வேலை."

"ஒஃபிஸ் வேலைக்கு ஏன் முகம் வேர்க்குது? ஆரவள்? பேரைச் சொல்லுங்கோ, நான் கத்த மாட்டன்."

அவன் கை கழுவிவிட்டு வந்தான். பாஸ்வேர்டைத் தானே அடித்துவிட்டுத் தள்ளி நின்றான்.

தர்மினி பார்ட்டிஷனைத் திறந்தாள். ஒரு படம்கூட இல்லை. ஒளித்துவைத்த ஃபைல்களையும் காட்டச் சொல்லி அடித்தாள். அப்போதும் வெறுமைதான்.

"அழிச்சிட்டியளோ?"

"இல்லை. ஒருநாளும் அதில ஒண்டும் வைக்கேல்லை."

"பிறகேன் பூட்டு?"

"நீர் வராத இடம் ஒண்டு எனக்கு வேணும்போல இருந்தது."

இன்னொருத்தி என்றால் சண்டை பிடித்தாவது அவனை மீட்டுக்கொள்ளலாம் என்றுதான் அவள் இவ்வளவு நாளும் தனியே கிடந்து யோசித்திருந்தாள். வெற்றிடத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

உடுப்புகளைப் பையில் அடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்க போறீர்? எப்ப வருவீர்?"

"இனி இந்த ஃபிளாட் முழுக்க நான் வராத இடந்தான். சந்தோசமா இருங்கோ."

செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.