பூட்டுக்காரரின் பதினான்காவது விண்ணப்பம்

"சார், அந்தப் பூட்டுக்காரர் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினார்?"

போனில் தலைமைத் தொகுப்பாளர் அம்மாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"எந்தப் பூட்டுக்காரர்?" என்றார் இவர்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பூட்டு ரிப்பேர், மாத்துச் சாவி. நம்ம பட்டியல்ல சேரப் பதிமூணு தடவை விண்ணப்பிச்சிருக்கார். பதிமூணு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கீங்க."

"தப்பு இருந்துச்சு. திருப்பினேன்."

"என்ன தப்பு? 'மிகச் சிறந்த'ன்னு ஒரு பெருமை வார்த்தை. அடுத்த தடவை, கடை திறக்கிற நேரம் போடலை. அவரோட இணையதளத்துல பாத்து நாமளே போட்டுக்கலாமே. மத்தவங்க தப்பையெல்லாம் நீங்களே திருத்தித்தானே சேக்கறீங்க? இவருக்கு மட்டும் என்ன?"

இவர் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நம்ம குழுவுல உங்களை 'சிவப்பு மை'ன்னு சொல்றது தெரியுமா?"

"தெரியும்."

"இதுவரைக்கும் செல்லமாத்தான் சொல்லிட்டிருந்தோம். வயித்துப் பொழப்பு சார் அது. அவரோட பதினாலாவது விண்ணப்பம் வந்து கிடக்கு. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள சேத்து விடுங்க. இல்லேன்னா அந்தப் பகுதியை வேற யார்கிட்டயாவது கொடுக்கற மாதிரி ஆயிடும்."

வைத்துவிட்டார்.

இணையதளங்களை ஒவ்வொன்றாக மனிதர்களே படித்துப் பார்த்துச் சேர்க்கும் பட்டியல் அது. சம்பளம் கிடையாது. மனைவி இறந்த வருஷம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இவர் அதில் சேர்ந்தார். 'வீட்டுப் பழுது' பகுதியை இவரிடம் கொடுத்தார்கள்.

ஆறு வருஷம். எத்தனையோ குழாய்க்காரர்கள், பெயின்டர்கள், லிஃப்ட் கம்பெனிகள். எல்லோரையும் சேர்த்தார். ஒருவராவது அப்புறம் ஒரு வரி எழுதியதில்லை. சேர்ந்த பிறகு எழுத என்ன இருக்கிறது?

திருப்பி அனுப்பினால் மட்டும் காரணம் எழுத வேண்டும். விண்ணப்பித்தவரும் திருத்தி அனுப்பும்போது ஒரு குறிப்பு எழுதலாம்.

பூட்டுக்காரரை முதல் தடவை திருப்பி அனுப்பியது நியாயமாகத்தான். இரண்டாம் நாளே குறிப்பு வந்தது.

'ஐயா, திருத்திவிட்டேன். இன்று ஒரு வீட்டில் குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டேன். வெளியே மாமியார் நிற்பதைப் பார்த்துவிட்டு, திரும்பப் பூட்டிவிடச் சொன்னார்.'

இவர் வாய்விட்டுச் சிரித்தார். காலி வீட்டில் அந்தச் சத்தம் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

விண்ணப்பம் சரியாகத்தான் இருந்தது, ஒரு 'மிகச் சிறந்த'வைத் தவிர. அதை அடித்துவிட்டுச் சேர்த்திருக்கலாம். திருப்பி அனுப்பினார். காரணத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'அந்த மாப்பிள்ளை மேல் தப்பில்லை.'

அன்றிலிருந்து வாரம் ஒரு விண்ணப்பம். வாரம் ஒரு குறிப்பு. வாரம் ஒரு நிராகரிப்பு.

இப்போது அந்த அம்மா சொன்ன 'வயித்துப் பொழப்பு' காதிலேயே நின்றது. உனக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்பதற்காக இன்னொருத்தன் பிழைப்பை நிறுத்தி வைப்பாயா? இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மத்தியானம் மகள் கூப்பிட்டாள். பின்னால் கீபோர்டு தட்டும் சத்தம்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. இன்னிக்கு ஒரு விஷயம்..."

"எல்லாம் ஓகேதானே? மீட்டிங் ஆரம்பிச்சுட்டாங்கப்பா. அப்புறம் கூப்பிடறேன்."

"சரிம்மா. வேலையப் பாரு."

சாயந்திரம் விண்ணப்பத்தைத் திறந்தார். படிக்கவில்லை. படித்தால் எங்காவது ஒரு தப்பு கண்ணில் படும். விரல் பழைய இடத்துக்கே போகும். குறிப்பைக்கூடப் பார்க்காமல் 'சேர்' பொத்தானை அழுத்தினார்.

'பட்டியலில் சேர்க்கப்பட்டது' என்று பச்சையாக ஒரு வரி வந்தது. எழுந்து போய், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார்.

மறுநாள் காலையில் பார்த்தார். ஒரு பெயின்டர். அதற்கு மறுநாள் கரையான் மருந்துக்காரர் ஒருவர். மூன்றாம் நாள் யாருமில்லை. தானே செய்ததற்குத் தானே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் மத்தியானம் இன்னொரு தடவை திறந்து பார்த்தார்.

ஐந்தாம் நாள், பட்டியலில் உள்ள பிழைகளைத் தெரிவிக்கும் பெட்டியில் ஒரு செய்தி. பூட்டுக்காரர்.

இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதிமூன்று வாரம் அலைக்கழித்ததற்கு இப்போதுதான் திட்டப்போகிறார், திட்டட்டும் என்று திறந்தார்.

'ஐயா, சேர்த்துவிட்டீர்கள், பார்த்தேன். என் நம்பர் ஊரில் எல்லோருக்கும் தெரியும், இந்தப் பட்டியல் எனக்கு அவசியமே இல்லை. வழக்கமாக ஒரு தப்பு வைத்துத்தான் அனுப்புவேன். உங்களுக்குச் சலித்துவிடுமோ என்று இந்தத் தடவை மூன்று வைத்தேன். கடை தினமும் இருபத்தாறு மணி நேரம் திறந்திருக்கும் என்றுகூட எழுதியிருந்தேன். அதையே விட்டுவிட்டீர்களே. நாலு நாளாக மனசே சரியில்லை. உடம்புக்கு ஏதாவதா, ஐயா?'