அழித்த பதிவு

"பசங்க கைல குடுத்தா கிழிச்சிடுவானுங்க. புத்தகம் அலமாரிலயே இருக்கட்டும். எத்தினி வாட்டி கேட்டாலும் இதான்யா பதிலு."

தலைமையாசிரியர் இருசப்பன் சொல்லிவிட்டு அலமாரிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜீவா சாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கல்வராயன் மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கதைப் புத்தகம் வந்து இறங்கி ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் கண்ணாடி வழியாக அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது என்ன நியாயம்?

பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு வலைப்பூ உண்டு. பிள்ளைகள் எழுதுவதை எல்லாம் ஜீவாதான் அதில் ஏற்றுவார். அன்று சாயங்காலம் போனை எடுத்து, ஒரு பிள்ளை எழுதுவதுபோலத் தானே எழுதினார்.

'எங்க ஹெச்.எம். புத்தகத்த பூட்டி வெச்சி காவல் காக்குறாரு. தொறந்து வுட்டா அது காட்டுக்குள்ள ஓடிப்போயிடும்னு பயப்படுறாரு போல.'

'வெளியிடு' என்பதையும் ஒரு அழுத்து அழுத்தினார். அந்த ஊரில்தான் சிக்னலே கிடையாதே, எங்கே போய்விடப் போகிறது? கோபம் தீர்ந்தது. தூங்கி எழுந்ததும் மறந்தே போனார்.

சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஜீவாவும் ஹெச்.எம்.மும் ஒரே பஸ், ஒரே சீட். மலை இறங்கிக் கச்சிராயபாளையம் வந்ததும் சிக்னல் கிடைத்து ஜீவாவின் போன் 'டிங்' என்றது.

'உங்கள் பதிவு வெளியானது.'

அன்று கோபத்தில் எழுதியதேதான்! ஜீவா அவசர அவசரமாகத் தேடிப் பிடித்துப் பதிவை அழித்தார்.

"இன்னாய்யா இப்புடி வேர்த்துகினு வர்ற?"

"ஒண்ணுமில்ல சார். மலை எறங்குனாலே எனக்கு அப்படித்தான்."

ஹெச்.எம். தன் போனை எடுத்து எதையோ படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அப்புறம் போனைச் சட்டைப் பையில், அலமாரிச் சாவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

பயிற்சியில் சுபஸ்ரீ மேடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு வெப்சைட்டா நீங்க தேடிப் போக வேணாம் சார். புதுசா எது வந்தாலும் அதுவே உங்களத் தேடி வரும், வீட்டு வாசலுக்குப் பால் பாக்கெட் வர்ற மாதிரி. அதுக்குப் பேர்தான் ஃபீட். அறிவியல் செய்தி, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைங்க எழுதுறது எல்லாம் ஒரே எடத்துல படிக்கலாம். போன மாசம் வந்தவங்க போன்ல எல்லாப் பள்ளி வலைப்பூவையும் நானே சேர்த்துக் குடுத்துட்டேன்."

போன மாசம் ஜீவா லீவு. ஹெச்.எம். மட்டும்தான் வந்திருந்தார்.

ஜீவா மெல்ல எழுந்தார். "மேடம், எழுதுனத அழிச்சிட்டா ஃபீட்லயும் போயிடும் இல்லைங்களா?"

"அழிக்கிறதுக்குள்ள வந்து எறங்கியிருந்தா போகாது சார். படிக்கிறவங்க போன்ல அப்படியே இருக்கும். மலைல இருக்குற உங்களுக்கு அதுதான் வசதி. கீழ வர்றப்ப எறக்கிக்கிட்டா, மேல போய் சிக்னல் இல்லாமயே பிள்ளைங்களுக்குப் படிச்சிக் காட்டலாம்."

வசதியாம் வசதி! ஜீவாவுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஹெச்.எம். நல்லவிதமாக எழுதிக் கொடுத்தால்தான் ஆகும். அவரோ பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"இப்ப நம்ம பள்ளிங்க ஃபீட்ல புதுசா என்ன வந்திருக்குன்னு பாக்கலாம்" என்று சுபஸ்ரீ மேடம் திரையில் திறந்தார்.

முதலில் நின்றது ஜீவா அழித்த அந்தப் பதிவுதான். எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.

அறை முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் இருந்த கல்வி அதிகாரி தங்கமணி மட்டும் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்க எழுத்து மாதிரி தெரியலையே. யார் எழுதுனது இது?"

ஆனது ஆகட்டும் என்று ஜீவா பாதி எழுந்தார். தோளில் ஒரு கை விழுந்து அவரை அப்படியே உட்கார வைத்தது. ஹெச்.எம். எழுந்து நின்றார்.

"நான்தாங்க."

"உங்களப் பத்தி நீங்களே எழுதுனீங்களா?"

"பசங்க எடத்துலேருந்து எழுதிப் பாத்தேங்க. அப்புறம் படிச்சிப் பாத்தா எனக்கே சுருக்குனு இருந்திச்சி. திங்கக்கெழமலேருந்து புத்தகம் பசங்க கைல இருக்கும்ங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "தன் குறைய இப்படி நாலு பேர் பாக்கத் தானே எழுத யாருக்குங்க மனசு வரும்?" என்று அவரே கைதட்ட, அறையே சேர்ந்து தட்டியது.

ஹெச்.எம். உட்கார்ந்தார். ஜீவாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், என்னை மன்னிச்சி..."

ஹெச்.எம். திரையை விட்டுப் பார்வையை எடுக்காமல் முணுமுணுத்தார்.

"பேசாம கையத் தட்டுய்யா. நீ ஒருத்தன் மட்டும் தட்டாம குந்திகினு இருந்தா, எழுதுனது யாருன்னு தெரிஞ்சிடப் போவுது."