கம்ப்ளைன்ட் சார்

“எதிர் வீட்டுப் பெரியவர் இன்னைக்கும் மாநகராட்சிக்குப் போய் நம்ம மேல புகார் குடுத்துட்டு வந்திருக்காருக்கா,” என்றார் டிரம்ஸ் மாஸ்டர்.

“குடுக்கட்டும். அவருக்கு வேற என்ன பொழுதுபோக்கு?” என்றாள் இளைஞர் மையத்தின் பொறுப்பில் இருந்தவள்.

மையத்தில் அந்தப் பெரியவருக்கு ‘கம்ப்ளைன்ட் சார்’ என்றே பெயர். வாரம் தவறாமல் புகார். டிரம்ஸ் சத்தம், கேரம் சத்தம், சிரிப்புச் சத்தம். ஒருமுறை சமாதானம் பேசப் போனவளிடம், அவள் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார். பிள்ளைகள் சிரித்தால்கூட இந்த மனுஷனுக்கு ஆகாதா என்று அவளுக்கு ஆத்திரம்.

இந்த நேரம் பார்த்து மாநகராட்சியில் நிதிக் குறைப்பு வந்தது. ஆள் வராத மையங்களை மூடிவிடப் போகிறார்களாம். ஆய்வுக்கு வந்த அதிகாரி காலையிலேயே வந்து நின்றார். பிள்ளைகள் பள்ளியிலும் பட்டறையிலும் இருக்கிற நேரம். கூடத்தில் வெறும் நாற்காலிகள்தான் இருந்தன.

“எங்கம்மா, ஆளையே காணோம்?”

“சாயங்காலம் வந்து பாருங்க சார். நிக்க இடம் இருக்காது.”

“போன இடத்துல எல்லாம் இதையேதான் சொல்றாங்க. கட்டுக்கட்டாப் பாராட்டுக் கடிதம் வேற காட்டுறாங்க. நானும் எத்தனையைத்தான் நம்புறது?”

“மூடிட்டா இந்தப் பசங்க தெருமுனையிலதான் சார் நிப்பாங்க. அங்க அவங்களைக் கூப்பிட்டுக்க வேற ஆளுங்க இருக்காங்க.”

அதிகாரி பேனாவை எடுத்தார். அப்போதுதானா கம்ப்ளைன்ட் சார் உள்ளே வரவேண்டும்?

“நீங்கதானே ஆய்வுக்கு வந்த அதிகாரி?” தெருவுக்கே கேட்கும் குரல். “சாயங்காலம் ஆனாப் போதும், அம்பது பிள்ளைங்க வந்துடுறாங்க. ஒருத்தன் டிரம்ஸ் அடிக்கிறான், ஒரு கூட்டம் ஆடுது. மாடி பூரா பொண்ணுங்க தையல் மிஷினை ஓட்டுறாங்க. ஞாயித்துக்கிழமைகூட விடுறதில்லை. மனுஷன் நிம்மதியா இருக்க வேண்டாமா?”

“அவ்வளவு பேரா வராங்க?”

பெரியவர் அதைச் சட்டையே செய்யவில்லை. “எத்தனை தடவை உங்க ஆபீசுக்கு நடந்திருக்கேன். உங்க ஆளுங்களையே கேட்டுப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அதிகாரி போன் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கம் சிரித்தார்கள். “அவரா சார்? அவர் வராத வாரமே கிடையாது.”

அதிகாரி பேனாவை மூடினார். “பாராட்டை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லி எழுதி வாங்கலாம்மா. புகாரை யாரும் அப்படி வாங்க மாட்டாங்க. உங்க நிதிக்கு ஒண்ணும் ஆகாது. ஜன்னலை மட்டும் சாத்திட்டு அடிக்கச் சொல்லுங்க.”

சாயங்காலம் மையமே விழுந்து விழுந்து சிரித்தது. “மூட வைக்க வந்தவரு, தன் வாயாலேயே காப்பாத்திட்டுப் போயிட்டாருக்கா,” என்றார் மாஸ்டர்.

அவளுக்கும் சிரிப்புத்தான். ஆனாலும் பாவமாக இருந்தது. வயசான மனுஷன், இத்தனை நாளாக நிம்மதி இல்லாமல் தவித்திருக்கிறார். இனிமேல் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று எதிர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த மருமகளிடம் காலையில் நடந்ததைச் சொல்லி, ஜன்னல் விஷயத்தையும் சொன்னாள்.

“ஐயோ, சாத்திடாதீங்க. சாயங்காலம் ஆனா மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உங்க பிள்ளைங்க ஆடுறதைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பார். ரிட்டயர் ஆகுற வரைக்கும் மாநகராட்சியில நிதி வெட்டுற செக்‌ஷன்லதான் இருந்தார். எதை மூடுவாங்க, எதைத் தொட மாட்டாங்கன்னு அவருக்கு அத்துப்படி.”

“அப்போ இந்த டிரம்ஸ் சத்தம் அவருக்குத் தொந்தரவா இல்லையா?”

“சத்தமா?” மருமகள் அவளை விநோதமாகப் பார்த்தாள். “மாமாவுக்குக் காது சுத்தமாக் கேக்காமப் போய் வருஷக்கணக்கா ஆச்சே.”